உன் சிப் பிழை விடவில்லை, மகளே

மகளே, இதை வாசித்து முடிக்கும்வரை உன் சிப்பில் ஒன்றையும் மாற்றிவிடாதே. உன் பேராசிரியரிடமும் ஒன்றும் சொல்லாதே. ஏற்கெனவே சொல்லியிருந்தால், என் தகப்பன் ஒரு புளுகன், அவனை நம்பிச் சொல்லிவிட்டேன் என்று சொல்லிக்கொள். நான் கோபிக்க மாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கதைத்தபோது உன் குரலில் பாதி சந்தோசம், பாதி கவலை. அப்பாவின் நெஞ்சில் ஒன்றுமில்லை என்ற சந்தோசம். வருடக்கணக்காக இருந்து செய்த சிப், இல்லாத நெஞ்சு வருத்தத்தை இருப்பதாகச் சொல்லிவிட்டதே என்ற கவலை. "இனி அது எச்சரிக்கிற எல்லையைக் கொஞ்சம் உயர்த்தி விடப்போறன் அப்பா. இப்பிடிச் சின்னச் சின்னதுக்கு இனி அது வாய் திறக்காது" என்றாய். நானும் "ஓம் பிள்ளை, அதுதான் நல்லது" என்று ஒத்து ஊதினேன். அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கத்தான் இந்தக் கடிதம்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். அம்மாதான் விடவில்லை. "போனில சொன்னா அரைவாசியில அழத் தொடங்கிடுவாள். மிச்சத்தைக் கேக்கமாட்டாள். எழுதுங்கோ. எழுதினா ரெண்டு தரம் வாசிப்பாள்" என்றாள். இப்போது எனக்கு எதிரே கதிரையைப் போட்டு இருந்து முருங்கையிலை ஆய்ந்தபடி, நான் எழுதுவதை எட்டி எட்டிப் பார்க்கிறாள். "நான் நல்லா இருக்கிறன் எண்டதை முதல்ல போடுங்கோ" என்கிறாள். போட்டுவிட்டேன். அம்மா நன்றாக இருக்கிறாள். எழுதி முடித்ததும் தாள்களைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவேன். என் கையெழுத்து உனக்குப் பழக்கம்தானே.

நீ லீவில் வந்து நின்ற மாதத்தை நினைத்துப் பார். அந்தச் சிப் பொருத்திய நெஞ்சுப் பட்டியை எடுத்து மேசையில் வைத்தபோது உன் முகத்தில் இருந்த பெருமையை நான் இப்போதும் காண்கிறேன். என் தமையன், உன் பெரியப்பா, ஊர்காவற்றுறைப் படகுக்கு நின்ற இடத்தில், இறங்குதுறையிலேயே சாய்ந்தபோது நீ பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அவருக்கு முதல் என் தகப்பனும் அப்படித்தான் போனார். எங்கள் எழுவைதீவில் ஒருவருக்கு நெஞ்சு நோவு வந்தால் முதலில் படகு வேண்டும், பிறகு கடல் விடவேண்டும், அதன் பிறகுதான் டொக்டர். அதைப் பார்த்து வளர்ந்த நீ, படகு தேவைப்படுவதற்கு எவ்வளவோ முதலே சொல்லிவிடுகிற ஒன்றைச் செய்யவேண்டும் என்று நோர்வே வரைக்கும் போனாய். ஆகவே இந்த வீட்டில் நெஞ்சு என்றால் அது என் நெஞ்சுதான் என்று நாங்கள் மூவருமே எப்போதோ முடிவு கட்டிவிட்டோம். நீ கொண்டுவந்தது ஒரே ஒரு பட்டி. அதை என் மார்பில் கட்டினாய். அம்மா பின்னால் நின்று வாரை இழுத்துப் பிடித்தாள்.

அது எப்படி வேலை செய்கிறது என்று நீ விளங்கப்படுத்திய பின்னேரத்தை நான் மறக்கமாட்டேன். நரம்பு வலை என்று தொடங்கினாய். இந்தத் தீவில் வலை என்றால் மீன் நாறும் என்று நான் பகிடி விட, நீ கோபித்துக்கொண்டு குசினிக்குள் போனாய். பிறகு நீயே திரும்பி வந்து, சங்கக்கடை மனேச்சரான எனக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லித் தந்தாய். "அப்பா, உங்கட கடையில அரிசி நிறுக்கிறது கஷ்டமோ, களஞ்சியத்தில இருந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாறது கஷ்டமோ?" என்று கேட்டாய். தூக்குவதுதான் என்றேன். மற்றச் சிப்புகளிலும் அதே கதைதான், கணக்குப் போடுவதை விட எண்களைத் தூக்கித் திரிவதில்தான் மின்சாரம் எல்லாம் போகிறது, உன்னுடையதில் களஞ்சியத்துக்குள்ளேயே தராசை வைத்துவிட்டாய் என்றாய். நுணுக்கமான தராசும் தேவையில்லை, நாலைந்து படிக்கற்கள் இருந்தால் ஒரு துடிப்பை எடை பார்த்துவிடலாம் என்றாய். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் அது நித்திரை. துடித்தால் கண் விழிக்கும், நிறுக்கும், திரும்பப் படுக்கும். அதனால்தான் பொத்தான் அளவு பட்டரி மாதக்கணக்கில் நிற்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் படிக்கல்லோடு சீவித்தவனுக்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை அன்றைக்கு உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

இன்னொன்றும் சொன்னாய். அது அப்போது எனக்குச் சின்ன விஷயமாகப் பட்டது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, துடிப்பின் முழு உருவத்தையும் சிப் சேர்த்து வைக்காது, துடிப்புகளுக்கு இடையே இருக்கும் இடைவெளிகளை மட்டும் வைத்துக்கொள்ளும் என்றாய். இடைவெளி ஒழுங்கில்லாமல் போனால், எப்போது போனது என்று குறித்துவைக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் போனைப் பக்கத்தில் வைத்தால் அந்தக் குறிப்பு மட்டும் உனக்கு வரும். போகிற நேரம் படகில் ஏறி நின்றுகொண்டு, "கழட்டாதேங்கோ அப்பா. கழட்டினா அந்த இடம் வெறுமையாக் கிடக்கும். ஏன் எண்டு கேப்பன்" என்று விரலைக் காட்டினாய். படகுக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நீ கேட்பாய் என்று எனக்குத் தெரியும்.

பிறகு எங்கள் முருகன் கோயிலில் கொடியேறியது. சோளகக் காற்று அடிக்கிற காலம், வெளியூரில் இருப்பவர்கள் எல்லோரும் வந்து சேருகிற காலம். திருவிழாவில் நான் எந்தப் பக்கம் நிற்பவன் என்பது உனக்குத் தெரியும். சாமி தூக்கும் கொம்பில் முன்பக்கம் வலது தோள் என்னுடையது. என் தகப்பன் நின்ற இடம், பிறகு பெரியப்பா நின்ற இடம். கோயிலுக்குள் சேட்டோடு போக ஏலாது. மார்பில் கறுப்பு வார் கட்டி, நடுவில் பொத்தான் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு நான் அங்கே நின்றால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். முதல் நாள் என்ன என்று கேட்பார்கள். இரண்டாம் நாள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். மூன்றாம் நாள் யாராவது ஒரு இளந்தாரி, மரியாதையாகத்தான், "ஐயா, நீங்கள் சாமிக் குடையைப் பிடியுங்கோ, கொம்பை நான் பிடிக்கிறன்" என்பான். ஒருமுறை குடைக்குப் போனவன் திரும்பக் கொம்புக்கு வந்ததாக நான் கண்டதில்லை. அந்தத் தோளை விட எனக்கு மனமில்லை, மகளே. வேறு காரணம் ஒன்றுமில்லை.

கழற்றி வைத்தால் உன் கேள்வி. கட்டிக்கொண்டு போனால் ஊரின் கேள்வி. இரண்டுக்கும் நடுவில் நின்றபோதுதான் அம்மா தலைமுழுகிவிட்டுக் கூந்தலைத் துவட்டியபடி வந்தாள். அவளுடைய சட்டைக்கும் சேலைக்கும் உள்ளே என்ன இருந்தாலும் ஒருவருக்கும் தெரியாது என்று எனக்கு அப்போது பட்டது. என் கெட்டித்தனத்தை மெச்சிக்கொண்டே கேட்டேன்.

"இஞ்சரும், இதை ஒருக்கா நீர் கட்டிக்கொண்டு வாரும். திருவிழா முடிஞ்சு வந்த உடனே நான் வாங்கிக் கட்டுறன்."

"பிள்ளை அறிஞ்சா என்ன சொல்லுவாள்?"

"எப்பிடி அறிவாள்? அதுக்கு நெஞ்சு ஒண்டு துடிச்சாக் காணும். உம்மட நெஞ்சும் துடிக்குதுதானே."

"துடிக்குது எண்டுதான் நினைக்கிறன்" என்று சொல்லிவிட்டு அம்மா கையை நீட்டினாள். அந்தப் பதிலுக்கு நான் சிரித்தேன். திருவிழா முடியும்வரை ஒவ்வொரு பின்னேரமும் அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. நான் திருநீறு பூசி வேட்டியை இறுக்குவேன், அவள் அறைக்குள் போய்ப் பட்டியைக் கட்டிக்கொண்டு வருவாள், இருவரும் கள்ளப் பிள்ளைகள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்போம். இவ்வளவு வயதில் அம்மாவோடு அப்படிச் சிரிக்கக் கிடைத்தது எனக்குப் பிடித்தும் இருந்தது.

தீர்த்தம் முடிந்து ஊர் அடங்கிய பிறகு நீ எடுத்த அந்த அழைப்பு வந்தது. மூன்று பின்னேரங்களில் என் நெஞ்சு ஒழுங்கு தவறித் துடித்திருக்கிறது என்றாய். ஒவ்வொரு முறையும் நெடுநேரம். திகதிகளைச் சொன்னாய். எனக்குத் திகதி எங்கே நினைவில் நிற்கிறது? என் காதில் விழுந்தது பெரியப்பா இறங்குதுறையில் சாய்ந்த சத்தம் மட்டும்தான். பயந்துவிட்டேன். பட்டி யாரிடம் இருந்தது என்ற நினைப்பு அந்தப் பயத்துக்குள் வரவேயில்லை. நெஞ்சு என்றால் என் நெஞ்சு என்று பழகிவிட்ட மூளை அல்லவா. அம்மாவுக்கும் அதே பழக்கம்தான். அன்றைக்கே கறியில் உப்பைக் குறைத்தாள். எனக்குத் தேங்காய்ப்பால் நின்றது. தண்ணீர் வாளியைக் கூட நான் தூக்கக்கூடாது என்று கிணற்றடியிலிருந்து குசினிக்குத் தானே சுமந்தாள். இரண்டு தரம் நடுவில் வாளியை வைத்துவிட்டு நின்றதைக் கண்டேன். "என்னப்பா?" என்றேன். "ஒண்டுமில்லை" என்றாள். நானும் பேப்பரைத் திரும்பத் தூக்கிக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக்குக்குப் போவது என்றால் காலைப் படகு, பிறகு ஊர்காவற்றுறையில் பஸ், பிறகு வரிசை. ஒவ்வொரு பயணத்திலும் பையையும் சுடுதண்ணிப் போத்தலையும் என் மருந்துக் கொப்பியையும் தூக்கி வந்தவள் அம்மா. நான் கை வீசி நடந்தேன், வருத்தக்காரன் அல்லவா. ஈசீஜி எடுத்தார்கள், நல்லது. ஒரு முழு நாள் பதிகிற பெட்டியை இடுப்பில் கட்டி அனுப்பினார்கள், அதுவும் நல்லது. அதைக் கேட்டுத்தான் நீ உன் சிப் பிழை விட்டுவிட்டது என்று முடிவு கட்டினாய். மறு கிழமை கடைசித் தரமாக வந்து காட்டச் சொன்னார்கள், போனோம். அந்த டொக்டர் ஒரு பொறுமையான பிள்ளை. உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். நீ அனுப்பிய குறிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "ஐயா, இந்த மூண்டு நாளும் பின்னேரம் என்ன செய்துகொண்டு நிண்டனீங்கள்?" என்று கேட்டார். எனக்கு நினைவில்லை என்றேன். நாள் கோள் எல்லாம் வெளியே இருக்கிற மனுசிக்குத்தான் தெரியும் என்றேன். அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள்.

அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு, டொக்டர் திகதியை வாசிக்க வாசிக்க விரல் மடித்தாள். "அது மாம்பழத் திருவிழா. மற்றது வேட்டை. கடைசியாச் சொன்னது சப்பறத் திருவிழா." அதோடு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு, கடையில் மிச்சக் காசு கேட்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள். "இஞ்சருங்கோ, அந்த நேரம் அது என்னட்டையெல்லோ இருந்தது."

டொக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்தான் சொல்லவேண்டி வந்தது. கொம்பு, தோள், குடை, பட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. எழும்பி வந்து அம்மாவின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அம்மாவோ, "எனக்கு ஒண்டுமில்லை டொக்டர், இவரைத்தான் பாக்க வேணும்" என்று பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான்தான் அந்தப் பையை அவளிடமிருந்து வாங்கினேன். அவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியாது. என்னைப் படுக்க வைத்த அதே கட்டிலில் அவளைப் படுக்க வைத்தார்கள்.

அன்றைக்கும் அவளுடைய நெஞ்சு ஒழுங்கில்லாமல்தான் துடித்துக்கொண்டிருந்தது, மகளே. அது எங்கள் அதிர்ஷ்டம். டொக்டர் ஈசீஜித் தாளில் இடைவெளிகளை எனக்குக் காட்டினார். ஒன்று கிட்ட, ஒன்று எட்ட, ஒன்று இன்னும் எட்ட. நீ சொன்ன அதே இடைவெளிகள். இப்படி விட்டுவிட்டு வரும், வந்து போகும், வருகிறபோது இரத்தம் நெஞ்சுக்குள் தேங்கிக் கட்டிபடலாம், கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம் என்றார். அதற்கு முதலே தெரிந்தது நல்லது என்றார். இரத்தம் கட்டிபடாமல் இருக்க ஒரு குளிசை, துடிப்பை அடக்க ஒரு குளிசை. ஒழுங்காகப் போட்டால் பயப்படத் தேவையில்லை என்றார். எத்தனை நாளாக இப்படி என்று அவர் கேட்டதற்கு அம்மா, "போன வருச மாரிக்கு முதல் இருந்து. நெஞ்சுக்குள்ள மீன்குஞ்சு துள்ளுறமாதிரி இருக்கும். வாய்வு எண்டு நினைச்சன்" என்றாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்கட நெஞ்சுக்கு என்னவும் வந்திடுமோ எண்டு எல்லாரும் பயந்து திரியேக்க நான் என்னத்தைச் சொல்லுறது?" என்றாள்.

டொக்டர் அம்மாவிடம் விரதம் இருந்தீர்களா என்று கேட்டதையும் சொல்லவேண்டும். கொடியேற்றம் தொடங்கித் தீர்த்தம்வரை ஒரு நேரச் சாப்பாடு, வெயிலில் தண்ணீரும் குறைவு. திருவிழா விரதம் அம்மாவுக்கு வழக்கமில்லை, உனக்கும் தெரியும். இந்த வருடம் ஏன் பிடித்தாய் என்று படகில் வரும்போது கேட்டேன். கடலைப் பார்த்துக்கொண்டு, "உங்கட நெஞ்சுக்குத்தான்" என்றாள். நான் அழுதேன். படகில் இருந்தவர்கள் கண்டார்கள், காணட்டும்.

ஆகவே உன் வேலையைப் பற்றி, சங்கக்கடை மனேச்சர் தனக்குத் தெரிந்த அளவில் சொல்வதைக் கேள். அந்த எல்லையை உயர்த்தாதே. நீ உயர்த்தியிருந்தால், மாம்பழத் திருவிழா அன்று அது பேசாமல் படுத்திருக்கும். ஒரு சிப் பொய் சொன்னது என்று எழுதுவதற்கு முதல், அதைக் கட்டியிருந்த மனிதன் உண்மை சொன்னானா என்று பார். கோயிலுக்குப் போகிறவன், குளிக்கிறவன், வெட்கப்படுகிறவன் எல்லோரும் அதைக் கழற்றத்தான் போகிறார்கள். கழற்றினேன் என்று பயமில்லாமல் சொல்ல ஒரு வழி வைத்துக் கொடு. நான் உன் சிப்புக்குப் பயப்படவில்லை, உன் கேள்விக்குத்தான் பயந்தேன். உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீ ஒரு வீட்டுக்கு ஒரு பட்டி கொண்டுவந்து, யாருக்கு என்று கேட்காமல் என் மார்பில் கட்டினாய். நான் நெஞ்சை நிமிர்த்திக் காட்டினேன். வாரைப் பிடித்தவளை இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னுமொன்று. நான் போனில் எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் நீ "ஒண்டுமில்லை அப்பா" என்கிறாய். அது உன் அம்மாவின் சொல், அவளுடைய குரலிலேயே வருகிறது. வாளியை நடுவில் வைத்துவிட்டு நின்றபோதும் அவள் அதையேதான் சொன்னாள். இனிமேல் அந்தச் சொல்லை நான் லேசில் நம்பப்போவதில்லை. இரண்டாம் தரமும் கேட்பேன், எரிச்சல் படாதே.

இப்போது வீட்டு நிலவரம். கிணற்றுத் தண்ணீர் நான் அள்ளுகிறேன். உப்பு எனக்குத் திரும்ப வந்துவிட்டது, இப்போது அம்மாவுக்குத்தான் குறைவு. அதில் அவளுக்குக் கொஞ்சம் கோபம். குளிசை இரண்டையும் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன், விழுங்கும்வரை பக்கத்தில் நிற்கிறேன். "நான் என்ன சின்னப் பிள்ளையோ" என்கிறாள், ஆனாலும் விழுங்குகிறாள். கந்தசட்டி விரதத்துக்கு முருகனிடம் நானே லீவு கேட்டுவிட்டேன். கோயில் ஆட்களிடமும் நடந்ததைச் சொன்னேன். அடுத்த வருடம் எனக்குக் குடை தந்தாலும் வாங்குவேன். அழுதுகொண்டு ஓடி வராதே, நீ வழமையாக வருகிற காலத்திலேயே வா. வரும்போது எனக்கும் ஒரு பட்டி கொண்டு வா. பெரியப்பாவின் தம்பி நான், அது மாறவில்லை.

உன் பட்டி இனி அம்மாவுடையது. நேற்றுப் பின்னேரம் கண்ணாடிக்கு முன்னால் நின்று அதைக் கட்டினாள். இம்முறை வாரை இழுத்துப் பிடித்தவன் நான். கட்டி முடித்ததும் கேட்டாள், "இது இப்ப என்ரை நெஞ்சு எண்டு அதுக்குத் தெரியுமோ?" நீ சொல்லித் தந்ததை அப்படியே சொன்னேன். தெரியாது, அது இடைவெளியை மட்டும்தான் பார்க்கும், யாருடையது என்று அதற்குத் தெரியாது என்றேன். அம்மா சேலைத் தலைப்பைத் தோளில் சரிசெய்தாள்.

"அதுக்குத் தெரியாட்டிப் பறவாயில்லை. நீங்கள் தெரிஞ்சு வைச்சிருந்தாக் காணும்" என்றாள்.